ஒப்பந்தக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்ததா?

வந்த கடிதம், சுருக்கமாக:

பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூர் தாண்டி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. 14 மாடி, 220 வீடுகள். வாசகிக்கு 41 வயது, ஐடி வேலை, ஆறு மாதமாகக் குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளர். தன் பெயரும் குடியிருப்பின் பெயரும் வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய இன்னும் சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன்.

கீழ்த்தளத்தில் எஸ்.டி.பி., அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், இருக்கிறது. வீடுகளின் கழிவுநீர் முதலில் வந்து விழும் தொட்டியில் பம்பு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அடைத்துக்கொள்கிறது. மேனேஜர் ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுகிறார், வேலை முடிகிறது, பில் வருகிறது. ஏதோ மெஷின் வைத்துச் சுத்தம் செய்கிறார்கள் என்றுதான் வாசகி நினைத்திருந்தார். போன மாதம் வவுச்சர்களைச் சரிபார்க்கும்போது 'இதர செலவு – 400' என்று ஒன்று இருந்ததைப் பார்த்து மேனேஜரிடம் கேட்டிருக்கிறார். "உள்ளே இறங்குற ரெண்டு பேருக்கு ஆளுக்கு ஒரு குவார்ட்டர், மேடம். அது இல்லாம இறங்க மாட்டாங்க" என்று அவர் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார்.

கமிட்டியில் பேசிப் பார்த்திருக்கிறார். அங்கே கிடைத்த பதில்கள்: ஒப்பந்தக்காரர் 100 ரூபாய் பத்திரத்தில் 'எல்லாப் பொறுப்பும் என்னுடையது' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்; இது எஸ்.டி.பி., செப்டிக் டேங்க் இல்லை. இது தனியார் இடம். அவர்களே விரும்பித்தான் வருகிறார்கள், தலைக்கு 1,500 ரூபாய் வாங்குகிறார்கள். ஆள் இறங்காமலேயே பம்பை மேலே தூக்குகிற அமைப்புக்கு 2.8 லட்சம் என்று வந்த விலைப்புள்ளியை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்துவிட்டு, அதே கூட்டத்தில் லாபிக்குப் புது மார்பிளும் நீரூற்றும் போட 9 லட்சத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த சுத்தம் வரும் வாரம் சனிக்கிழமை.

இன்னொரு விஷயம் லிஃப்ட். வீட்டு வேலை செய்கிறவர்கள் 'சுகாதாரம் கருதி' சர்வீஸ் லிஃப்டில் மட்டுமே போக வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை. குப்பைத் தொட்டிகளும் அதில்தான் போகின்றன. அது 11 நாள் பழுதாகிக் கிடந்தபோது, வாசகி வீட்டில் வேலை செய்யும் ஐம்பது வயது தாண்டிய அக்கா ஒன்பதாவது மாடிக்குப் படியில் ஏறி வந்திருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி வேறு.

கேள்விகள் மூன்று. ஏதாவது நடந்தால் நான் மாட்டுவேனா? ராஜினாமா செய்துவிட்டால் தப்பிக்கலாமா? லிஃப்ட் விஷயத்தில் தீண்டாமை வழக்குப் போட முடியுமா?

இனி என் பதில்.

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தை முதல் தடவை படித்தபோது அந்த 400 ரூபாயிலேயே நின்றுவிட்டேன். போதை ஏறாமல் ஒரு மனுஷனால் அந்தத் தொட்டிக்குள் இறங்க முடியாது என்று உங்கள் சங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, அதற்குக் காசும் கொடுத்து, கணக்கிலும் ஏற்றியிருக்கிறது. நாளைக்கு ஒரு வழக்கு என்று வந்தால் "ஆபத்து இருப்பது எங்களுக்குத் தெரியாது" என்று யாரும் வாயைத் திறக்க முடியாது, அந்த வவுச்சர் ஒன்றே போதும்.

கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் விஷயத்துக்கு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2008இல் அந்த ஆறு வழிச் சாலை திறந்தபோது சிங்கப்பூர் மாதிரி இருக்கிறது என்று பேசாதவர்கள் குறைவு. இப்போது மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்கு மெட்ரோ வருகிறது, தூண்கள் நிற்கின்றன. ஆனால் சாலையும் கட்டடமும் வந்த வேகத்தில் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் வரவில்லை. தண்ணீர் லாரியில் வருகிறது. 2019 கோடையில் அந்தச் சாலையில் இருந்த கம்பெனிகள் தண்ணீர் இல்லாமல் ஆட்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னது உங்களுக்கே நினைவிருக்கும். தண்ணீர் வருவதற்கு லாரி என்றால், போவதற்கு உங்கள் கட்டடத்துக்கு அடியில் இருக்கும் தொட்டி. நீங்கள் ஒரு வீடு வாங்கியதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சட்டப்படி பார்த்தால் 220 குடும்பம் சேர்ந்து ஒரு கழிவுநீர் நிலையத்தையும் வாங்கியிருக்கிறீர்கள், அதை நடத்துகிற முதலாளி உங்கள் சங்கம். இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால் கமிட்டி சொல்லும் பதில்கள் ஒவ்வொன்றும் ஏன் நிற்காது என்பது தானாகப் புரியும்.

"இது எஸ்.டி.பி., அதுவும் தனியார் இடம்"

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. அதன் 7ஆம் பிரிவு, எந்த நபரும், எந்த உள்ளாட்சியும், எந்த முகமையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒருவரைச் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய வைக்கக் கூடாது என்கிறது. 'எந்த நபரும்' என்றாகிவிட்ட பிறகு அரசு இடம், தனியார் இடம் என்ற வித்தியாசத்துக்கே வேலை இல்லை. செப்டிக் டேங்க் என்றால் என்ன என்பதற்கும் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது: மனிதக் கழிவு வந்து தங்கி மட்கும், பெரும்பாலும் தரைக்கடியில் இருக்கிற தொட்டி. உங்கள் சேகரிப்புத் தொட்டி இதற்குள் வராது என்று ஒரு நீதிபதியிடம் வாதாட எனக்கு ஃபீஸ் கொடுத்தாலும் தயங்குவேன்.

முதல் தடவை மீறினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் என்றால் ஐந்து வருடம், 5 லட்சம். போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீனில் விட முடியாத குற்றம். இதற்கு யாரும் சாக வேண்டிய அவசியம் இல்லை, பாதுகாப்பு இல்லாமல் இறக்கினாலே போதும். இறந்துபோனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 106ஆம் பிரிவும் சேரும், அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கு ஐந்து வருடம் வரை. இறங்கியவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால் (யார் இறங்குகிறார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும்) வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வர வாய்ப்பு உண்டு. 2016இல் அமலுக்கு வந்த திருத்தத்தில் மலம் அள்ள வைப்பது மட்டுமில்லை, அதை அனுமதிப்பதும் குற்றமாகிவிட்டது.

உங்கள் மேனேஜர் விவரமானவராக இருந்தால் ஒரு விதியைக் காட்டுவார், அதையும் சொல்லிவிடுகிறேன். 2013 விதிகளில் ஆள் இறங்கலாம் என்று சில விதிவிலக்குகள் இருக்கின்றன. கழிவுநீர் சேரும் கிணற்றின் அடியில் பொருத்திய நீர்மூழ்கி பம்பை எடுப்பது அதில் ஒன்று. ஆனால் அதுவும் சும்மா இல்லை. முழுப் பாதுகாப்புக் கருவிகள் வேண்டும், உள்ளே ஆக்சிஜன் எவ்வளவு, விஷவாயு இருக்கிறதா என்று கருவி வைத்துச் சோதிக்க வேண்டும், குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், அதில் ஒருவர் மேற்பார்வையாளர். உங்கள் ஒப்பந்தக்காரர் தீக்குச்சி கிழித்துப் போட்டுப் பார்ப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். மீத்தேன் இருக்கிற தொட்டியில் தீக்குச்சி! அதை நினைத்தால் எனக்கு இங்கே உட்கார்ந்துகொண்டே வயிறு கலங்குகிறது.

"பத்திரத்தில் எழுதி வாங்கியிருக்கிறோமே"

100 ரூபாய் பத்திரம் என்றால் நம் ஊரில் ஏதோ மந்திரத் தாயத்து மாதிரி ஒரு நம்பிக்கை. அந்தப் பத்திரம் உங்களுக்கும் ஒப்பந்தக்காரருக்கும் நடுவில் பணம் யார் கொடுப்பது என்ற சண்டைக்கு வேண்டுமானால் உதவும், குற்ற வழக்கில் அதை வைத்துத் தப்பிக்க முடியாது. 'மறைமுகமாகவோ' என்ற சொல்லைச் சட்டத்தில் போட்டிருப்பதே இந்த மாதிரி ஏற்பாட்டுக்காகத்தான். நிறுவனம் செய்த குற்றம் என்றால் அதை நடத்தும் பொறுப்பில் இருந்தவர்களும் குற்றவாளிகள் என்று அந்தச் சட்டம் சொல்கிறது, 'நிறுவனம்' என்பதில் தனிநபர்கள் சேர்ந்த சங்கமும் அடக்கம். தலைவர், செயலாளர், மேனேஜர் முதல் வரிசை. வவுச்சரில் கையெழுத்துப் போட்ட பொருளாளர் அதற்கு ரொம்ப தூரத்தில் இல்லை. உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதுதான், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை.

நஷ்ட ஈட்டையும் கமிட்டிக்குச் சொல்லுங்கள், சில பேருக்குப் பணக்கணக்கில் சொன்னால்தான் காது கேட்கும். கழிவுநீர்த் தொட்டி மரணங்களுக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. மும்பை கோவண்டியில் இதே மாதிரி ஒரு தனியார் குடியிருப்பில் 2019 டிசம்பரில் மூன்று பேர் செப்டிக் டேங்கில் இறந்தார்கள். தனியார் ஒப்பந்தக்காரர் வைத்த ஆட்கள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்ற வாதத்தை 2021இல் மும்பை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. முதலில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு பணம் கொடுக்கட்டும், பிறகு பொறுப்பானவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது.

"அவர்களே விரும்பித்தான் வருகிறார்கள்"

விரும்பி வருகிறவருக்குக் குவார்ட்டர் எதற்கு?

சம்மதம் இந்தச் சட்டத்தில் ஒரு தற்காப்பே இல்லை. எழுதிக் கொடுத்தாலும் இல்லை. அப்புறம், உள்ளே என்ன நடக்கிறது என்பது கமிட்டிக்காரர்களுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் நின்றுவிடும். இறங்கியவர் காற்று சரியாகிவிட்டது என்று நினைக்கிற அந்த நேரத்தில்தான் மயங்கி விழுகிறார். கைக்குட்டையோ துணி மாஸ்க்கோ அந்த வாயுவைத் தடுக்காது. மேலே நிற்கிறவர் பதறிப்போய்க் காப்பாற்றக் குதிக்கிறார், அவரும் போய்விடுகிறார். செய்திகளில் ஏன் எப்போதும் இரண்டு பேர், மூன்று பேர் என்றே வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? இதனால்தான்.

ராஜினாமா

செய்ய வேண்டாம், குறைந்தபட்சம் இப்போது வேண்டாம். ஏற்கெனவே நீங்கள் கையெழுத்துப் போட்ட ஆறு மாதத்தை ராஜினாமா அழிக்காது. உங்களைக் காப்பாற்றக்கூடியது வேறு. எனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது நடக்காமல் இருக்க என்னால் ஆனதெல்லாம் செய்தேன் என்று காட்ட முடிந்தால் சட்டம் விலக்குத் தருகிறது. முதலாவதைச் சொல்லும் கட்டத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள், எனவே இரண்டாவதுதான் வழி. "உனக்கு எதுக்கு வம்பு" என்று உங்கள் கணவர் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வம்பு ஏற்கெனவே உங்கள் கையெழுத்தோடு ஃபைலில் இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள்.

சனிக்கிழமைக்கு முன்னால் செய்ய வேண்டியவை

இன்றைக்கே தலைவருக்கும் செயலாளருக்கும் மேனேஜருக்கும் ஒரு மின்னஞ்சல். வாட்ஸ்அப் வேண்டாம், அங்கே உங்கள் செய்தி 'குட் மார்னிங்' படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். நாலு வரி போதும்: தொட்டிக்குள் ஆள் இறங்குவது 2013 சட்டப்படி குற்றம், சனிக்கிழமை வேலையை நிறுத்துங்கள், இதற்கான எந்தப் பில்லுக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன், இதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள். மேனேஜருக்குத் தனியாக ஒன்று, ஒப்பந்தக்காரருக்கு எழுத்தில் தகவல் போய்விட்டதா என்று கேட்டு.

பழைய வவுச்சர்களைக் கிழிக்கவோ மாற்றி எழுதவோ யார் சொன்னாலும் விடாதீர்கள். நகல் எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரத்தை அழிப்பது தனிக் குற்றம்.

சுத்தம் நடக்காவிட்டால் கழிவு பொங்கிக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிடுமே என்பார்கள். நியாயமான பயம்தான். உரிமம் உள்ள உறிஞ்சு லாரியை வைத்துத் தொட்டியைக் காலி செய்யுங்கள், 14420 என்ற இலவச எண் இதற்காகவே இருக்கிறது. அடைத்துக்கொண்ட பம்பைச் சங்கிலி போட்டு மேலே இழுக்க முடியுமா என்று பம்பு கம்பெனி ஆளை வைத்துப் பாருங்கள். நீங்கள் சொல்லும் 2.8 லட்ச ரூபாய் அமைப்பு, எனக்குப் புரிந்தவரை, வழிகாட்டிக் கம்பிகளில் பம்பு சறுக்கி இறங்கித் தானாகப் பொருந்திக்கொள்கிற வகை. பழுது என்றால் மேலே இருந்தே தூக்கிவிடலாம். 220 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 1,273 ரூபாய். நீரூற்றும் மார்பிளும் வீட்டுக்கு 4,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அவசரப் பொதுக்குழுவில் வையுங்கள், வேறு பிரசங்கம் தேவைப்படாது.

பம்பு ஏன் இத்தனை தடவை அடைக்கிறது என்பதையும் கேளுங்கள். வெட் டிஷ்யூ, நாப்கின், குழந்தைகளின் டயபர்; பெரும்பாலும் இவைதான். படித்த வீடுகளின் கழிப்பறையிலிருந்து வருபவை. 'தயவுசெய்து போடாதீர்கள்' என்று இன்னொரு சுற்றறிக்கை விட்டுப் பயனில்லை. பம்பிலிருந்து எடுத்ததை ஒரு வாளியில் போட்டுப் படம் எடுத்து லிஃப்டில் ஒட்டுங்கள். சர்வீஸ் லிஃப்டில் இல்லை, மெயின் லிஃப்டில்.

இவ்வளவுக்குப் பிறகும் சனிக்கிழமை ஆட்கள் வந்து மூடியைத் திறந்தால் 112க்கு அழைக்கத் தயங்காதீர்கள். பிறகு செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார். இந்தச் சட்டத்தை மாவட்டத்தில் செயல்படுத்தும் பொறுப்பு ஆட்சியருடையது.

லிஃப்ட் விஷயம்

இங்கே நீங்கள் எதிர்பார்க்கிற பதிலை என்னால் தர முடியவில்லை. சுற்றறிக்கை அசிங்கமானது, சந்தேகமே இல்லை. ஆனால் 'வேலை செய்கிறவர்கள் இந்த லிஃப்ட்' என்று எழுதுவதை நேரடியாகக் குற்றமாக்கும் சட்டப் பிரிவு என் கண்ணில் படவில்லை. தீண்டாமை வழக்கு நிற்க வேண்டுமென்றால் சாதியை வைத்துத் தடுத்தார்கள் என்று காட்ட வேண்டும். எழுதியவர்கள் ஜாக்கிரதையாக 'சுகாதாரம்' என்று போட்டிருக்கிறார்கள். அதே வீட்டில் சமைக்கிற, பாத்திரம் கழுவுகிற, குழந்தையைத் தூக்குகிற கைதான் லிஃப்ட் பட்டனை அழுத்தினால் சுகாதாரக் கேடு! யாராவது சாதிப் பெயரைச் சொல்லித் தடுத்தாலோ திட்டினாலோ கதை மாறும், அப்போது உடனே எழுதுங்கள்.

இருந்தாலும் கையில் ஒன்றுமே இல்லை என்று இல்லை. லிஃப்ட் பொதுச் சொத்து, அதில் உங்களுக்கும் பிரிக்காத பங்கு உண்டு. பொதுக்குழு தீர்மானம் இல்லாமல் கமிட்டி தன்னிஷ்டத்துக்குப் போட்ட சுற்றறிக்கை என்றால் எந்தத் துணைவிதிப்படி போட்டீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். பல சங்கங்களில் அந்தக் கேள்விக்குப் பதிலே இருக்காது. அப்படியே கழிப்பறையையும் சேர்த்துக் கேளுங்கள். காவலருக்கும் ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கும் கழிப்பறை, குடிநீர் தருவது வேலைக்கு வைத்தவர்களின் கடமை, வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதைத் திறந்துவிடத் தீர்மானம் கொண்டுவரலாம். போன வருடம் ஒரு பத்திர வேலையாகப் படூர் பக்கம் ஒரு குடியிருப்புக்குப் போயிருந்தேன். கதவு மூடப்போகிறது என்று லிஃப்ட் அழகான ஆங்கிலத்தில் சொல்கிறது. வாசலில் நின்ற காவலர், வயதானவர், "சார், ரெண்டு நிமிஷம் இங்கேயே நிக்கிறீங்களா" என்று கேட்டுவிட்டுச் சாலையைத் தாண்டி ஒரு காலி மனைக்கு ஓடினார். கீழே கழிப்பறை இருக்கிறதாம், சாவி மேனேஜரிடமாம், மேனேஜருக்கு அன்றைக்கு லீவாம். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் ஒன்று இல்லை. அந்த அக்கா என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. அவர் அதே கட்டடத்தில் இன்னும் இரண்டு வீட்டில் வேலை செய்வதாகச் சொல்கிறீர்கள். உங்கள் புகாரில் அவர் பெயர் வந்தால் அந்த இரண்டு வீடும் போகலாம், உங்களுக்கு அதனால் ஒன்றும் போகப்போவதில்லை. முதலில் அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் அவரை இழுக்காமல், ஒரு வீட்டு உரிமையாளராக உங்கள் பெயரில் மட்டும் ஆட்சேபம் எழுதுங்கள். அவருக்குச் சம்மதம் என்றால் நாளைக் காலை அவர் வருகிற நேரத்துக்குக் கீழே போய் நின்று, மெயின் லிஃப்டில் அவரோடு சேர்ந்து மேலே வாருங்கள். யாராவது தடுத்தால், யார் தடுத்தார்கள், என்ன வார்த்தை சொன்னார்கள், எத்தனை மணிக்கு என்று அன்றே குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள்.